சலேத்மேரியின் வயிறு சொன்னது

சலேத்மேரியின் வயிறு பேச ஆரம்பித்தது, ஆப்பரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அவள் கட்டிலில் சாய்ந்தபடி ரசம் விட்டுக் குழைத்த சோற்றை நாலு வாய் வாங்கிவிட்டு ஐந்தாவதுக்கு வாயைத் திறந்த நேரத்தில். ஊட்டிக்கொண்டிருந்த சபிதா கையை அந்தரத்தில் நிறுத்தி, "அக்கா, வாசல்ல யாரோ நின்னு பேசுதாவ போல" என்றாள். எட்டிப் பார்த்தாள். வாசலில் வெயிலைத் தவிர ஒருவரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது பேச்சு இன்னும் கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து, சேலைக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டிய இடத்தைப் பார்த்தார்கள்.

மீன் ஏலம் விடுகிற இடத்தைத் தூரத்திலிருந்து கேட்பதுபோல் இருந்தது அது. நூறு பேர், ஆயிரம் பேர், எல்லோருக்கும் கொசுவின் தொண்டை. சபிதா காதைப் பிளாஸ்திரிக்கு மேலே கொண்டுபோனாள்.

"யாரு இது?"

"தெரியலியே. நேத்தும் இங்கனதான் கெடந்துது."

"நம்மாளா?"

"மோந்து பாரு. நம்மாளு வாடையே இல்ல."

"கடிச்சுப் பாத்தியா?"

"பல்லுதான் போச்சு."

"அப்ப நம்மாளு இல்ல. எல்லாரையும் கூப்பிடு. வெளிய தள்ளணும்."

சபிதா நிமிர்ந்து, "உன் ஊருப் பேச்சுதான் பேசுதுவ அக்கா" என்றாள். சலேத்மேரி, சோறு ஆறுகிறது, மீதியைக் கொடு என்றாள்.

அந்த வயிற்றுக்குள் ஒரு வலை இருந்தது. தாழைத்துறையில் முப்பது வருஷமாகக் கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டிருந்தவள் சலேத்மேரி. விசைப்படகுகள் கரையேறினால், பாறை கிழித்தது, சுறா கிழித்தது, அடுத்த ஊர்க்காரன் வெறுப்பில் கிழித்தது என்று எந்தக் கிழிசலையும் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். வலையைத் தைப்பதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஈர வலையைத் தோளில் போட்டு மேட்டுக்கு ஏற்றுகிற வேலையையும் அவளே செய்தாள். இப்போது வெளிநாட்டில் இருக்கிற மகனைப் பெற்றபோது கீறிய தழும்பு முதலில் புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்தது, அப்புறம் எலுமிச்சை, அப்புறம் தேங்காய் மூடி. படுத்தால் உள்ளே போகும், நின்றால் வெளியே வரும். வீட்டுப் பூனையைப்போல அதுவும் வந்துபோகிறது என்று அவள் விட்டுவிட்டாள். ஒருநாள் அது வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. கடற்கரை மணலில் சுருண்டு விழுந்தவளை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு நாற்பது மைல் போனவள் சபிதா. ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்று கேட்ட இடத்தில் 'தங்கை' என்று சொல்லி எழுதவைத்து, கட்டைவிரலுக்கு மை நீட்டியவர்களிடம் பேனாவை வாங்கித் தன் எழுத்தில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அந்த எழுத்து என்ன மொழி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

சபிதா ஒடிசாக் கடற்கரையிலிருந்து வந்தவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐஸ் பேக்டரிக்கு ஆள் கூட்டி வந்தபோது, புருஷனோடு, ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள். இரண்டாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போனான். ஊருக்குத் திரும்பி வா என்று அண்ணன்மார் சொல்லியனுப்பியும் போகாமல், சலேத்மேரி வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் தங்கி, இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். தமிழை ஷெட்டில்தான் கற்றாள், முதலில் கெட்ட வார்த்தைகளை, பிறகு மற்றவற்றை. தாழைத்துறைக்காரர்கள் இழுக்கிற இழுப்பெல்லாம் அவளுக்கும் வந்தது. முதுகைக் காட்டி நின்று பேசினால் அவள் வேறூர்க்காரி என்று கர்த்தர்கூடச் சொல்லமாட்டார் என்பார்கள்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் பொற்கொடி அந்த வலையைக் காட்டியிருந்தார். வெள்ளையாக, உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலத்தில், கொசுவலைபோல. சலேத்மேரி அதை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, விரலால் கண்ணியை அளந்து, "நெத்திலிகூடத் தப்பாது. யாரு பின்னுனது?" என்று கேட்டாள். மிஷின் பின்னியது என்றார் டாக்டர். "முடிச்சு இல்லியே, நிக்குமா?" என்று கேட்டாள். "அது தானா நிக்காதும்மா. ஒங்க ஒடம்பு வந்து அதப் புடிச்சு நிறுத்தும்" என்றார் டாக்டர்.

வயிறு பேசுகிறது என்று தையல் பிரிக்கப் போனபோது சொன்னார்கள். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். 'பேச்சு இருக்கிறது' என்று சீட்டில் எழுதினார்.

"பயப்படாதீங்க. ஒடம்புக்குன்னு காவக்காரங்க இருக்காங்க, ரத்தத்துல சுத்திக்கிட்டே இருப்பாங்க. முள்ளு குத்துனா, கிருமி வந்தா, வந்து தின்னுட்டுப் போயிருவாங்க. இந்த வலையையும் அப்படித்தான் நெனச்சு வந்திருக்காங்க. திங்கப் பாப்பாங்க, முடியாது. முடியாதப்ப நாலஞ்சு பேரு ஒண்ணாக் கலந்து பெரிய ஆளாகித் திங்கப் பாப்பாங்க. அதுவும் முடியாது. அப்புறம் சுத்திச் சுவரு கட்டிருவாங்க. அந்தச் சுவருதான் நமக்கு வேணும்."

"அப்ப அதுவளுக்கு ஆரு சொல்லுதது, இத நாங்கதான் வச்சோம், நல்லதுக்குத்தான் வச்சோம்னு?"

"யாரும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "அவங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும். நம்மாளா, இல்லையா."

ஊர் அந்த அதிசயத்தை எப்படி எடுத்துக்கொண்டதென்றால், வாய்க்கால் புதுத் தண்ணீரை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. முதல் வாரம் பெண்கள் வந்தார்கள், வரும்போது ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு கொண்டுவந்தார்கள், காதை வைத்துக் கேட்டுவிட்டு, கோயில் வளாகத்தில் பலிபூசை முடிந்து பேசுகிற பேச்சுமாதிரியே இருக்கிறதே என்று சிரித்தார்கள். இரண்டாம் வாரம் ஆண்கள் வந்தார்கள். பங்குச் சாமியார் வந்து, வயிறு பொய் சொல்லாத வரைக்கும் அதில் பாவம் எதுவும் இல்லை, ஆனால் பூசை நேரத்தில் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் சிறுபிள்ளைகள் அதை விளையாட்டாக்கினார்கள்: ஒருத்தன் நடுவில் நிற்பான், மற்றவர்கள் கைகோத்துச் சுற்றி வந்து "நம்மாளா, நம்மாளா" என்று பாடி, பாட்டு முடிகிறபோது "இல்ல" என்று அவனை வட்டத்துக்கு வெளியே தள்ளுவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களுக்காக மகளிர் குழு பிளாஸ்டிக் நாற்காலி போட்டது. சலேத்மேரியின் புருஷன் கஸ்பார், வாழ்நாளெல்லாம் பிறத்தியார் படகில் கூலிக்குப் போனவன், வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்து, "நம்ம வீட்டு முன்னால இவ்வளவு செருப்பு நான் கண்டதே இல்ல, சலேத்து" என்று சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. அந்த மாதமே அவனை ஊர்க் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள்.

சலேத்மேரிக்கும் அது பிடிக்கத்தான் செய்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. முப்பது வருஷம் அவள் குனிந்து வலை தைத்த மணலில் அவளைத் தாண்டிப் போனவர்கள் இப்போது அவள் முன்னால் குனிந்தார்கள். இரைச்சலில் உறக்கம் வராமல் தவித்தபோதுதான் ஒரு சங்கதி தெரிந்தது. சபிதா அவளை மெதுவாக இடது பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்து முதுகை நீவிவிட்டாள்; வயிற்றுக்குள் பேச்சு சட்டென்று அடங்கிவிட்டது. மறுபடி மல்லாந்தால் மறுபடி கூச்சல். இரண்டு மூன்று தடவை செய்துபார்த்துச் சிரித்தார்கள். "இத ஆருட்டயும் சொல்லாதட்டி" என்றாள் சலேத்மேரி. "நான் ஏன் சொல்லப்போறேன்" என்றாள் சபிதா.

வெளியூர் மீன் வியாபாரி ஒருவன் வேடிக்கை பார்க்க வந்து குனிந்தபோதுதான் அது தொடங்கியது. அந்த நேரம் பார்த்து வயிறு, "நம்மாளு இல்ல, வெளிய தள்ளு" என்றது. கூடி நின்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுநாள் விடியற்காலை ஏலத்தில் அவன் கேட்ட விலைக்கு யாரும் கூடையை இறக்கவில்லை. அதற்கு மேல் கேட்டும் இறக்கவில்லை. ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் ஏற்கெனவே எடை ஏமாற்றுகிறவன் என்று சொன்னார்கள், அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

அடுத்தது மாடசாமி. மேட்டுத்தெருவில் இருபது வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருந்தவர், கடலை விட்டுத் தள்ளியிருந்த ஊர்க்காரர், தாழைத்துறைப் பிள்ளைகள் பாதிப்பேருக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவரை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை, அவரே, உடம்பு எப்படி இருக்கிறது தாயி என்று கேட்கத்தான் வந்தார். வயிறு சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரித்துப் பார்த்தார், கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு மாதத்தில் கடைப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் ஜெசிந்தா, பக்கத்துக் கடற்கரையில் பெண் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்த மருமகள். மாமியார்க்காரி கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினாள். ஜெசிந்தா ஏழு மாதக் கர்ப்பிணி. வயிறும் வயிறும் எதிரெதிராக இருந்தன. "நம்மாளு வாடையே இல்ல" என்றது சலேத்மேரியின் வயிறு, அது நாள் முழுதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு ஆட்டோ ஏற்றினார்கள்.

"அக்கா, அது வலையப் பத்தில்லா பேசுது" என்றாள் சபிதா, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே. "ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னேம்ட்டி. மொத நாளே எல்லாருட்டயும் சொன்னேன்."

"மொத நாளு சொன்ன. இன்னைக்குச் சொன்னியா?"

சலேத்மேரி ஒத்தடத் துணியை வாங்கித் தானே வயிற்றில் வைத்துக்கொண்டாள். ஜெசிந்தா ஆட்டோவில் ஏறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தது அவளுக்கு நெஞ்சில் கிடந்தது. ஆனால் இப்போது போய், ஐயோ அது வலையைச் சொல்கிறது, உங்களை அல்ல என்று சொன்னால், அப்போ மாடசாமியை ஏன் போகவிட்டாய், வாயும் வயிறுமாக இருந்தவளை ஏன் போகவிட்டாய் என்று கேட்பார்களே. ஒரு கண்ணி பிரிந்தால் வலை முழுவதும் பிரியும் என்பது அவளுக்குத் தெரியாதா.

மூன்றாம் மாதம் குரல்கள் மாறின. டாக்டர் சொன்னபடி நாலைந்து பேர் ஒன்றாகக் கலந்தார்கள். கொசுத்தொண்டை போய், கனத்த, மெதுவான, மூக்கடைத்த குரல்கள் வந்தன. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு குரலும் பெரிதாயிற்று. "யாரு இது" என்கிற கேள்வியை அவை விட்டுவிட்டன. "இல்ல" என்று ஒன்று சொல்லும், "இல்ல" என்று இன்னொன்று சொல்லும், அந்தச் சொல் கட்டில் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, பக்கத்து வீட்டுப் பானைத் தண்ணீரில் வளையமிட்டது.

அந்தச் சமயத்தில்தான் இறால் ஷெட்டில் ஒரு தகராறு வந்தது. ஷெட்டு, கமிட்டித் தலைவர் தனிஸ்லாஸுடையது. முப்பது பெண்கள் விடியலிலிருந்து ஐஸில் கைவைத்து உரிக்கிற இடத்தில் ஒரே ஒரு கக்கூஸ், அதற்குக் கதவு இல்லை. ஒரு சாக்குத்துணி தொங்கும், கடல்காற்று அடித்தால் அதுவும் தூக்கும். ஒருத்தி போனால் இன்னொருத்தி சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சபிதா தனிஸ்லாஸிடம் போய் ஒரு கதவு போட்டுத் தாருங்கள் என்றாள். பார்க்கலாம் என்றார். மறு வாரம் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். நான்காவது வாரம் முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டாள், உள்ளே இறால் சிவந்து கெட்டுக்கொண்டிருந்தது. அன்று பத்து மணிக்குக் கதவு வந்தது. பதினொரு மணிக்கு வேலை நடந்தது.  ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தனிஸ்லாஸ் கஸ்பாரைத் தோளில் கைபோட்டுத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மைனி, நாள மறுநா சாயந்தரம் கமிட்டி ஒங்க வீட்டுல வச்சிக் கூடும்" என்று சலேத்மேரிக்குச் சொல்லி அனுப்பினார். கஸ்பார் வீட்டுக்கு வந்து நாற்காலிகளைத் துடைத்தான்.

"ஆருக்காகக் கூடுது?" என்று கேட்டாள் சலேத்மேரி.

"ஊரு கூடுது. ஆருக்குன்னா என்ன?" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அவளுக்கா?"

"நீ என்ன செய்யப்போற, சும்மா படுத்துக் கெடக்கப்போற. சொல்லப்போறது வயிறு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. வீட்டுக்குள் பதினோரு பேர், வாசலில் ஊர். சபிதா ஷெட்டிலிருந்து நேரே வந்திருந்தாள், கையில் இறால் வாடை போகவில்லை, அவள் கழுவவும் முயலவில்லை. தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமி, இது ஒன்றும் கோபத்தில் செய்கிறதில்லை, ஆளுக்கொரு நியாயம் கூடாது என்பதால் எல்லோருக்கும் செய்ததையே இந்தப் பிள்ளைக்கும் செய்கிறோம் என்றார். சபிதாவைக் கட்டிலுக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி, எத்தனையோ முறை தட்டுடன் அவள் நின்ற அதே இடத்தில், நின்றாள்.

அவள் வயிற்றைப் பார்க்கவில்லை. சலேத்மேரியின் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, பயமும் இல்லை. நேரமாகிறது, திரும்பிப் படு அக்கா என்று வழக்கமாகச் சொல்வாளே, அந்தப் பார்வை.

இடது பக்கம் புரள ஒரு கணம் போதும். முழங்கையை ஊன்றி, இடுப்பைக் கொஞ்சம் தூக்கினால் உடம்பு தானாகச் சாயும். வயிறு வாயை மூடிக்கொள்ளும். ஒன்றும் சொல்லவில்லையே என்று ஊர் கலைந்து போகும். அல்லது யாராவது ஒருத்தன், அது எப்படி இவளுக்கு மட்டும் பேசாமல் போயிற்று, புரண்டு படுத்தாளே, நான் பார்த்தேனே என்பான். அப்போது மாடசாமி வருவார், ஜெசிந்தா இடுப்பில் பிள்ளையோடு வருவாள், வாசலில் கிடக்கிற செருப்பெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நடந்து போய்விடும். சலேத்மேரி முழங்கையை ஊன்றினாள். தழும்பில் சுரீரென்று ஒரு வலி பிடித்தது. பின்னாளில் தனக்குத்தானே அவள் பல தடவை சொல்லிக்கொண்டது அந்த வலியைத்தான்: வலித்தது, அதனால்தான் முடியவில்லை. வலித்தது உண்மைதான். அதைவிடப் பெரிய வலியோடு அவள் வலை சுமந்திருக்கிறாள் என்பதும் உண்மைதான். முழங்கையை எடுத்துவிட்டு மல்லாந்தே கிடந்தாள்.

"இல்ல" என்றது வயிறு. சுவரில் மாட்டியிருந்த மாதாபடம் அதிர்ந்தது. "இல்ல, இல்ல, இல்ல."

சபிதா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். எல்லோரும் அவள் அந்த ரகசியத்தைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தார்கள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அப்படியொரு ரகசியம் இருப்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. பயந்தவள் சலேத்மேரி ஒருத்திதான். சபிதா சொல்லவில்லை. "மாத்திரை அடுப்பாங்கரைப் பெறையில இருக்கு, அக்கா. ராத்திரிக்கு மஞ்சள் கலர்" என்றாள். அதுதான் அவள் அந்த வீட்டில் கடைசியாகப் பேசிய தமிழ். தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு விடியுமுன் போய்விட்டாள். அந்த முப்பது பெண்களில் ஒருத்திகூட அன்று ஷெட்டை விட்டு வெளியே வந்து நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் அந்தக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு வயிறு நீண்ட நாள் புரியும்படி எதுவும் பேசவில்லை. குரல்கள் இன்னும் இன்னும் கலந்து, கடைசியில் ஒரே குரலாகி, அந்தக் குரலும் வேலையில் மூழ்கியவனைப்போல முனகலாகியது. தழும்புக்குக் கீழே சலேத்மேரி தொட்டுப் பார்த்தால் பலகைபோல் இருந்தது. சுவர் கட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டக் கட்ட உள்ளே வலை சுருங்கியது, சுருங்கச் சுருங்க நாலு பக்கமும் சதையை இழுத்தது. குனிய முடியவில்லை. தரையில் உட்கார முடியவில்லை. வலை தைக்கிற வேலை, அது தரையில் உட்கார்ந்து குனிந்து செய்கிற வேலை, போயிற்று. கேட்க ஒன்றும் இல்லாததால் வருகிறவர்களும் நின்றார்கள். மகளிர் குழு நாற்காலிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனது. கஸ்பார் மட்டும் கமிட்டியில் இருந்தான், கூட்டத்துக்குத் தேநீர் வாங்கிவருகிறவனாக.

எட்டாம் மாதம் டாக்டரிடம் போனாள், தனியாக, பஸ்ஸில் நின்றபடி.

"வலை சுருங்கிருச்சும்மா. சிலருக்கு அப்படி ஆகும்" என்றார் டாக்டர் பொற்கொடி. அவருக்கும் வருத்தம்தான்.

"எடுத்துருங்க டாக்டரம்மா."

"எடுக்கலாம். ஆனா வலைய மட்டும் எடுக்க முடியாது. ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் ஒங்க சதை பூந்து வளந்திருக்கு. எடுத்தா சதையோடதான் வரும்."

"அதுவளுக்குத்தான் அது ஆகாதே. மாசக்கணக்கா வெளிய தள்ளு, வெளிய தள்ளுன்னுல்லா கத்திச்சுதுவ?"

"கத்திக்கிட்டேதான் வளந்திருக்கும்மா" என்றார் டாக்டர்.

ஊருக்குத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாப்பில் இறங்கி, வெயிலில் நிழலுக்கு ஒதுங்கி நின்றபோது வயிறு பேசியது. ரொம்ப நாள் பேசாத கிழவன் பேசுகிற குரல். அவளுக்கே காதால் கேட்டதா எலும்பால் கேட்டதா என்று தெரியவில்லை.

"நம்மாளு இல்லதான்" என்றது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. "ஆனா இப்ப இதுதான் நம்மளத் தாங்குது. கெடக்கட்டும்."

அதோடு அது நின்றது. சலேத்மேரி அந்த இடத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல், வேகாத வெயிலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேரே தனிஸ்லாஸ் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வயிறு வேற சொல்லுது, அண்ணன்" என்றாள். "கெடக்கட்டும்னு சொல்லுது. இதுதான் தாங்குதுன்னு சொல்லுது. கமிட்டியக் கூட்டுங்க."

அவர் துண்டில் கை துடைத்துவிட்டு, மரியாதையாகவே குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்குக் கேட்டுது அண்ணன். சத்தியமாக் கேட்டுது."

"கேட்டிருக்கும் மைனி, நான் இல்லன்னு சொல்லல" என்றார் தனிஸ்லாஸ். "ஆனா வயிறு சொல்லுதத எல்லாம் கேட்டு ஒரு ஊரு நடக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

 மாடசாமி வந்த நாளிலிருந்து எந்த வார்த்தையை அவள் சொல்லாமல் விட்டாளோ, அதே வார்த்தையை அவர் எடுத்து அவளுக்கு எதிராகச் சொல்லிவிட்டார். முற்றத்தில் காயவைத்திருந்த வற்றலைக் காக்கை கொத்தியது; அவர் "ச்சூ" என்று விரட்டிக்கொண்டு போனார்.

சபிதா எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க இரண்டு மாதமானது. வடக்கே, ஆறு மணி நேரப் பஸ் பயணத்தில், வேறொரு கடற்கரையில், வேறொரு இறால் ஷெட்டில். சலேத்மேரி ஒரு டப்பாவில் கணவாய்த் தொக்கு செய்து எடுத்துக்கொண்டு போனாள். ஷெட்டுக்குள் நாற்பது பெண்கள், எல்லோரும் ஒடிசாப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் நடுவில் சபிதா, கொஞ்சம் மெலிந்து, வகிட்டில் நரை ஓடி, தலை குனிந்து உரித்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தவள் வியக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. எழுந்து கையைக் கழுவினாள். குனிய முடியாதவள் என்று கண்டுகொண்டு, ஒரு உயரமான பெஞ்சை இழுத்துப் போட்டாள். வெளியே போய் டீ வாங்கி வந்து கையில் கொடுத்தாள். எதிரே ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

சலேத்மேரி எல்லாவற்றையும் சொன்னாள். வலித்தது என்பதைச் சொன்னாள். வலித்ததால் மட்டும் இல்லை என்பதையும் சொன்னாள், அதை அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். செருப்புகளைச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள், வயிறு கடைசியில் சொன்னதைச் சொன்னாள். "வந்துருட்டி. ரூம்பு அப்படியே கெடக்கு. ஊரு என்ன வேணும்னாலும் சொல்லட்டும், நான் நிக்கேன்" என்றாள். அழுதுகொண்டே சொன்னதால் பாதி வார்த்தைகள் விழுங்கிப்போயின.

சபிதா கடைசிவரை கேட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள், அவளுடைய பாஷையில்.

கோபமில்லாமல், அவசரமில்லாமல், நீளமாகப் பேசினாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஓரிடத்தில் ஒருத்தி சிரித்தாள். ஓரிடத்தில் வயதான ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சபிதா ஒருமுறை தன் இடது தோள்பக்கமாகக் கையை மெல்லச் சாய்த்துக் காட்டினாள். சலேத்மேரிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பத்து வருஷம் பின்னறையில் இருந்தவளின் பாஷையில் தண்ணீருக்கு என்ன பெயர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"தமிழ்ல சொல்லுட்டி" என்றாள். "திட்டணும்னா திட்டு. தமிழ்ல திட்டு."

சபிதா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். எழுந்து, கவிழ்த்த கூடையை நிமிர்த்தி, தன் இடத்தில் போய் உட்கார்ந்து இறாலை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள்.

சலேத்மேரி பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டு, "ஆத்தா, அவ என்ன சொன்னா? நீயாவது சொல்லு" என்று கேட்டாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த இரண்டே தமிழ் வார்த்தையில், "தமில் தெரியாது" என்றாள்.